திருவொற்றியூருக்குத் தனியாகப் போகிறீர்களா? வடிவுடையம்மன் கோயிலைக் கூட்டத்திலும் நிதானமாகத் தரிசிக்க முழு வழிகாட்டி

"வெள்ளிக்கிழமை போனேன், ஒன்றரை மணி நேரம் நின்றேன், அம்மனை அரை நிமிஷம் பார்த்தேன், வந்துவிட்டேன்." வெளியூரிலிருந்து வேலைக்காகச் சென்னை வந்த என் சிநேகிதிகள் பலரும் திருவொற்றியூரைப் பற்றி இப்படித்தான் சொல்கிறார்கள். மகிழ மரத்தைப் பார்த்தாயா என்று கேட்டால், "எந்த மரம்?" என்பார்கள். கருவறையைப் பின்பக்கமாகச் சுற்றினாயா என்றால், "அங்கே என்ன இருக்கிறது?" என்பார்கள். தண்டையார்பேட்டையில் பிறந்து, பாட்டி கையைப் பிடித்துக்கொண்டு இந்தக் கோயிலுக்குப் போய் வளர்ந்தவள் நான். ஆயிரம் வருஷத்துக் கோயிலுக்கு வந்துவிட்டு வெறும் வரிசையை மட்டும் பார்த்துவிட்டுப் போகிறார்களே என்று ஆற்றாமையாக இருக்கும்.

தனியாக வருபவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். குடும்பத்தோடு வந்தால் குழந்தை பசிக்கு அழும், பெரியவர்களுக்குக் கால் வலிக்கும், வண்டிக்காரர் போன் பண்ணிக்கொண்டே இருப்பார். தனியாக வந்தால் நேரம் முழுக்க உங்கள் கையில். ஆனால் பையைப் பிடித்துக்கொள்ள ஆள் இல்லை, வரிசையில் இடம் பிடித்து வைக்கவும் ஆள் இல்லை. அதற்குத் தகுந்தபடி கொஞ்சம் யோசித்து வந்தால் போதும்.

எந்தக் கோயில், யாரைப் பார்க்கப் போகிறோம்

ஊரில் எல்லோரும் "வடிவுடையம்மன் கோயில்" என்பார்கள். பலகையில் தியாகராஜ சுவாமி கோயில் என்றிருக்கும். மூலவர் ஆதிபுரீஸ்வரர், படம்பக்கநாதர், புற்றிடங்கொண்டார் என்றும் பெயர்கள் உண்டு. எல்லாம் ஒரே கோயில்தான், ஆட்டோக்காரரிடம் எதைச் சொன்னாலும் இறக்கிவிடுவார். சம்பந்தர், அப்பர், சுந்தரர் மூவரும் பாடிய தலம். தொண்டை நாட்டுத் தலங்கள் 32-இல் இது 20-ஆவது.

மூலவர் புற்று. சுயம்புவான மண் புற்றே லிங்கமாக இருப்பதால் தண்ணீர் அபிஷேகம் கிடையாது. வருஷம் முழுக்கக் கவசம் சாத்தியே இருக்கும். கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டிய மூன்று நாட்கள் மட்டும் கவசத்தைத் திறந்து புனுகு, சாம்பிராணித் தைலம் சாத்துவார்கள். ஆகவே மற்ற நாட்களில் நீங்கள் தரிசிப்பது கவசத்தைத்தான். இதை முன்பே தெரிந்துகொண்டு போனால், "சரியாகவே தெரியவில்லையே" என்ற மனக்குறை வராது.

எந்த நாள், எந்த நேரம்

கூட்டத்துக்கு ஒரு கணக்கு இருக்கிறது. அம்மன் கோயில் என்பதால் செவ்வாய், வெள்ளி, ஞாயிறு மூன்று நாளும் ஜனம் அதிகம். அந்த நாட்களிலும் ராகு காலத்தை ஒட்டித் துர்க்கைக்கு எலுமிச்சை விளக்குப் போட வருபவர்களால் நெரிசல் இன்னும் கூடும். வெள்ளியன்று காலை 10.30 முதல் 12 வரை, ஞாயிறன்று மாலை 4.30 முதல் 6 வரை. செவ்வாய் ராகு காலம் பிற்பகல் 3 முதல் 4.30 வரை, நடை திறக்கும் நேரமும் அதுவும் சேர்ந்துகொள்வதால் வாசலிலேயே கூட்டம் கட்டி நிற்கும். பிரதோஷ நாளில் மாலை 4.30-க்கு மேல் நந்தியைச் சுற்றி நகர முடியாது. இவை போகப் பௌர்ணமி, ஆடி வெள்ளி, நவராத்திரி, மாசிப் பிரம்மோற்சவம்.

முதல்முறை வருகிறவர்களுக்கு நான் சொல்வது புதன் அல்லது வியாழன் காலை. ஆறரை மணிக்குள் வாசலில் இருங்கள். அந்நேரம் ஈரக் கூந்தலோடு வேலைக்குப் போகும் பெண்கள், பள்ளிப் பையைத் தோளில் மாட்டிய பிள்ளைகள், தினமும் வரும் பெரியவர்கள் என்று உள்ளூர்க்காரர்கள்தான் இருப்பார்கள். அவர்கள் யாரும் அவசரப்படுத்த மாட்டார்கள்.

வெள்ளிக்கிழமைதான் வரவேண்டும் என்ற வேண்டுதல் இருந்தால் அதற்கும் வழி உண்டு. விடிகாலையில் வந்து எட்டு மணிக்குள் கிளம்பிவிடுங்கள். இல்லாவிட்டால் இரவு நடை சாத்துவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் வாருங்கள். பகல் 12 மணி சுமாருக்கு நடை சாத்தி மாலை 4 மணிவாக்கில் திறப்பது வழக்கம். பௌர்ணமி, திருவிழா நாட்களில் இது மாறும். முந்தைய நாளே கோயில் அலுவலகத்துக்குப் போன் செய்து கேட்டுவிட்டுப் புறப்படுவது நல்லது. பன்னிரண்டு மணிக்கு வந்து சேர்ந்து, மூடிய கதவுக்கு முன்னால் நான்கு மணி நேரம் வெயிலில் உட்கார்ந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கோடையில் இன்னொரு விஷயம். சித்திரை, வைகாசியில் காலை ஒன்பது மணிக்கெல்லாம் வெளிப் பிராகாரத்துக் கல் சுடத் தொடங்கிவிடும். பத்து மணிக்கு மேல் வெறுங்காலில் நடப்பது வேதனை. வயதானவர்கள், சர்க்கரை நோய் உள்ளவர்கள் பாதத்தைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். கொப்புளம் வந்ததே தெரியாமல் போய்விடும்.

பையில் என்ன, பையில் எது வேண்டாம்

தனியாக வருபவர் பெரிய பையோடு வரவே கூடாது. ரயிலில் வந்து அன்றைக்கே திரும்புகிறவர்கள் சென்ட்ரலில் உள்ள கிளாக் ரூமில் பெட்டியை வைத்துவிடலாம். பூட்டுப் போட்டிருந்தால்தான் வாங்குவார்கள், அதனால் சின்னப் பூட்டு ஒன்று எடுத்து வாருங்கள். கோயிலுக்குக் குறுக்காக மாட்டும் சின்னப் பை போதும், அதையும் முன்பக்கமாக மாட்டிக்கொள்ளுங்கள். தங்க நகையை வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள். விளக்குப் போடும் இடத்தில் ஒருவர் மேல் ஒருவர் உரசிக்கொண்டுதான் நிற்க வேண்டியிருக்கும்.

சில்லறை! இதைச் சொல்லாமல் விட மாட்டேன். சில வருஷம் முன்பு ஒரு பௌர்ணமிக்குப் போனேன். பர்ஸ் எதற்கு, போனிலேயே எல்லாம் கட்டிக்கொள்ளலாம் என்று வெறுங்கையோடு கிளம்பிவிட்டேன். வரிசையில் நின்ற நேரமெல்லாம் போனைப் பார்த்துக்கொண்டே இருந்ததில், வெளியே வரும்போது அது அணைந்து போயிருந்தது. செருப்பு வைத்த இடத்தில் கொடுக்கக்கூடக் காசு இல்லை. வாசலில் பூ விற்கும் அம்மா என் முகத்தைப் பார்த்தே, "என்னம்மா, போன் செத்துப்போச்சா?" என்று கேட்டார். மடியிலிருந்து கசங்கிய இருபது ரூபாய் நோட்டு ஒன்றை எடுத்து நீட்டினார். "அடுத்த தடவ வரும்போது குடு. வராம இருந்தா அம்மா பாத்துக்குவா." அடுத்த வெள்ளிக்கிழமையே போய்க் கொடுத்தேன். அன்றிலிருந்து பத்து, இருபது ரூபாய் நோட்டுகளாக இருநூறு ரூபாய் தனியாகச் சுருட்டி வைக்காமல் நான் எந்தக் கோயிலுக்கும் போவதில்லை.

உடையைப் பொறுத்தவரை புடவை, சுடிதார், வேட்டி, பேன்ட் எதுவானாலும் பருத்தியாக இருக்கட்டும். துப்பட்டாவையும் புடவைத் தலைப்பையும் இழுத்துச் செருகிக்கொள்ளுங்கள். விளக்கு வரிசைக்குப் பக்கத்தில் தொங்கும் துணி ஆபத்து. அரை லிட்டர் தண்ணீர், கைத்துண்டு, ஒரு துணிப் பை போதும். செருப்பைக் கழற்றி அந்தத் துணிப் பையில் போட்டுக் காலணி காப்பகத்தில் கொடுத்தால், கூட்ட நாளில் தேடி அலைய வேண்டியிருக்காது.

வந்து சேர்வது

இப்போது இது ரொம்பச் சுலபம். விமான நிலையத்திலிருந்து விம்கோ நகர் போகும் மெட்ரோ நீல வழித்தடத்தில் ஏறி, "திருவொற்றியூர் தேரடி" நிலையத்தில் இறங்குங்கள். அடுத்த நிலையத்தின் பெயர் வெறும் "திருவொற்றியூர்". பெயரைப் பார்த்து அங்கே இறங்கிவிட்டுப் பின்னோக்கி நடப்பவர்கள் நிறையப் பேர். தேரடிதான் கோயிலுக்குப் பக்கம். வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரையிலான நீட்டிப்பு 2021 பிப்ரவரியில் ஓடத் தொடங்கியது. தேரடி நிலையம் 2022 மார்ச்சில் திறந்தது. அதற்கு முன்னால் திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் பஸ்ஸில் வந்த காலத்தை நினைத்தால் இது வரம்தான்.

எழும்பூரிலிருந்தோ கோயம்பேட்டிலிருந்தோ வருகிறவர்கள் பச்சை வழித்தடத்தில் ஏறிச் சென்ட்ரலில் மாறிக்கொள்ளுங்கள். கிளாம்பாக்கம் பஸ் நிலையத்தில் இறங்கும் வெளியூர்க்காரர்கள் வண்டலூருக்கோ கூடுவாஞ்சேரிக்கோ போய் மின்சார ரயிலில் கிண்டி வந்து, அங்கே மெட்ரோ பிடிக்கலாம். சென்ட்ரலிலிருந்து கும்மிடிப்பூண்டி பக்கம் போகும் புறநகர் ரயிலும் திருவொற்றியூரில் நிற்கும். டிக்கெட் செலவு குறைவு, ஆனால் நிலையத்திலிருந்து ஆட்டோ தேவைப்படும். பெண்களுக்கு மாநகரச் சாதாரணக் கட்டணப் பஸ்ஸில் டிக்கெட் இலவசம். நெடுஞ்சாலை முழுக்க ஷேர் ஆட்டோ ஓடுகிறது, ஏறும் முன் "தேரடி எவ்வளவு?" என்று கேட்டுவிட்டு ஏறுங்கள்.

மெட்ரோவில் வரும்போது தேரடிக்கு முந்தைய நிலையத்தின் பெயர் காலடிப்பேட்டை. இந்தப் பெயருக்குக் காரணம் யாருடைய காலடியும் இல்லை. 1717 முதல் 1720 வரை புனித ஜார்ஜ் கோட்டைக்கு ஆளுநராக இருந்த ஜோசப் காலெட் நெசவாளர்களைக் குடியேற்றிய ஊர் இது. காலெட்பேட்டைதான் மக்கள் வாயில் காலடிப்பேட்டை ஆனது. நேரம் இருந்தால் திரும்பும் வழியில் இறங்கி, அங்குள்ள கல்யாண வரதராஜப் பெருமாளையும் சேவித்துவிட்டுப் போகலாம்.

வாசலில்

சன்னதித் தெருவுக்குள் நுழைந்ததுமே பூக்கடைகள் கூப்பிடும். "தட்டு எடுத்துக்கோங்கக்கா, வந்து காசு குடுங்க" என்பார்கள். விலை கேட்காமல் கையில் வாங்காதீர்கள். கூட்ட நாளில் தேங்காய்த் தட்டு உங்களுக்குப் பெரும் சுமை. ஒரு கை தட்டோடு, ஒரு கை பையோடு, கைப்பிடிக் கம்பியைப் பிடிக்கக் கை இருக்காது. ஒரு முழம் பூவும் இரண்டு எலுமிச்சம்பழமும் போதும். அர்ச்சனை செய்ய வேண்டுமென்றால் உள்ளே சீட்டு வாங்கிக்கொள்ளலாம்.

உள்ளே போகுமுன் இரண்டு காரியம் செய்யுங்கள். கழிவறை தேவை என்றால் வெளியிலேயே முடித்துவிடுங்கள். பிறகு வீட்டில் யாருக்காவது "உள்ளே போகிறேன், இத்தனை மணிக்குப் பேசுகிறேன்" என்று ஒரு வரி அனுப்பிவிட்டுப் போனை அணைத்து வையுங்கள். சன்னதிகளில் படம் எடுக்க அனுமதி இல்லை; போனை வெளியே எடுக்கவே வேண்டாம்.

வரிசை

முதலில் அம்மன், பிறகு சுவாமி, கடைசியில் சுற்று. நான் போவது இந்த முறையில்தான். வரிசை என்ற கடமை முடிந்துவிட்டால் மனசு லேசாகிவிடும். அதற்குப் பிறகு எத்தனை மணி நேரம் உள்ளே இருந்தாலும் யாரும் கேட்கப்போவதில்லை. நேராகச் சுற்றிப்பார்க்கப் போனால், "வரிசை நீண்டுவிடுமோ" என்று மனம் அங்கேயே அடித்துக்கொண்டு கிடக்கும்.

கூட்ட நாளில் பொது தரிசனம், கட்டண தரிசனம் என்று இரண்டாகப் பிரித்து விடுவார்கள். கட்டண வரிசையில் போவதில் தவறில்லை. உடல் முடியாதவர்களுக்கு அது உதவி. ஆனால் இளையவர்கள் பொது வரிசையிலேயே நில்லுங்கள் என்பேன். இந்த ஊரைத் தெரிந்துகொள்ள அதைவிட நல்ல இடம் இல்லை. தனியாக நிற்கும் பெண்ணைப் பார்த்தால் முன்னால் நிற்கும் அக்கா, "எந்த ஊரும்மா? என்ன வேண்டுதல்?" என்று ஆரம்பித்துவிடுவார். சொல்ல விருப்பம் இல்லையென்றால் "சும்மா தரிசனத்துக்குத்தான்கா" என்றால் போதும், விட்டுவிடுவார்கள்.

வரிசையில் சுவர் ஓரமாக நில்லுங்கள். பின்னாலிருந்து தள்ளு வந்தால் எதிர்த்துத் தள்ளாதீர்கள். ஒரு காலை முன்னால் ஊன்றி, கைகளை மார்புக்கு முன்னால் மடக்கி, மூச்சுவிட இடம் வைத்துக்கொள்ளுங்கள். தலை சுற்றினால் வெட்கப்படாமல் பக்கத்தில் இருப்பவரிடம் உடனே சொல்லுங்கள். அவர்களே கூட்டத்தை விலக்கி வெளியே அனுப்புவார்கள். யாராவது வேண்டுமென்றே உரசினால் உரக்கக் கத்திவிடுங்கள், வடசென்னைப் பெண்கள் சும்மா இருக்க மாட்டார்கள். அதையும் மீறினால் 112, பெண்களுக்கான 181 என்ற எண்கள் இருக்கின்றன.

அம்மன் சன்னதி தெற்கு நோக்கியது. வடிவுடையம்மன் ஞான சக்தி என்பது ஐதீகம். உங்கள் முறை வரும்போது கையில் இருக்கும் சில நொடிகளைக் கண்ணை மூடி வீணாக்காதீர்கள். வேண்டுதலை வரிசையிலேயே சொல்லி முடித்துவிடுங்கள். சன்னதியில் கண்ணைத் திறந்து முகத்தைப் பாருங்கள். இதைப் பாட்டி எனக்குச் சொல்லிக்கொடுத்தார். "அவ நம்மளப் பாக்குறா, நாம கண்ண மூடிக்கிட்டா எப்படி?"

ஏழுகிணறு வீராசாமிப் பிள்ளைத் தெருவில் வசித்த இளம் வயதில் வள்ளலார் இந்த அம்மனைப் பார்க்க நடந்தே வருவார். அம்மன் மேல் 101 பாடல்கள் கொண்ட வடிவுடை மாணிக்கமாலையைப் பாடியவர் அவர். நீங்கள் சென்ட்ரலிலிருந்து மெட்ரோவில் ஏறி வந்தால், அவர் நடந்த தூரத்தைத்தான் ஏறக்குறைய கடக்கிறீர்கள்.

இனிதான் கோயில்

தரிசனம் முடிந்து எல்லோரும் வாசலைப் பார்த்துத் திரும்பும்போது நீங்கள் திரும்பாதீர்கள். மூலவர் கருவறையை வெளிப்பக்கமாகச் சுற்றிப் பின்னால் போங்கள். சுவர் நேராகப் போய் மூலையில் திரும்பவில்லை, மெல்ல வளைந்து போகிறது என்பதை அப்போது கவனிப்பீர்கள். யானை படுத்திருக்கும்போது பின்புறம் எப்படித் தெரியுமோ அப்படி. இதைத் தூங்கானை மாடம் என்பார்கள்; கஜபிருஷ்டம் என்பது வடமொழிப் பெயர். முதலாம் ராஜேந்திர சோழன் காலத்தில் கருங்கல்லில் எடுத்த விமானம் இது. கட்டிய சிற்பியின் பெயர் கல்வெட்டில் இருக்கிறது: வீரசோழத் தச்சன். தஞ்சைக்கும் கங்கைகொண்ட சோழபுரத்துக்கும் மெனக்கெட்டுப் போகிறோம். அதே ராஜேந்திரன் காலத்து வேலைப்பாடு மெட்ரோ நிலையத்திலிருந்து நடக்கும் தூரத்தில் இருக்கிறது.

அந்த வளைவில் குந்தி உட்கார்ந்து அடிப்பகுதியைப் பாருங்கள். வரி வரியாக எழுத்து. கல்லை வளைத்து அடுக்கி, அந்த வளைவின் மேலேயே கோணாமல் எழுத்து வெட்டியிருக்கிறார்கள். க, ட, ப போன்ற எழுத்துகளை உற்றுப் பார்த்தால் நாமே அடையாளம் கண்டுபிடித்துவிடலாம். புள்ளி இல்லாமல் இருப்பதால்தான் முதலில் தடுமாறும். நான் ஒரு முழு வார்த்தையைக் கண்டுபிடிக்கக் கால் மணி நேரம் ஆனது. அந்தச் சந்தோஷம் சாதாரணமானது இல்லை. இந்தக் கோயிலில் இலக்கணம் கற்றுக்கொடுக்க மண்டபம் இருந்ததும், சதுரானன பண்டிதர் என்ற பெயரில் வந்த மடத்துத் தலைவர்கள் இருந்ததும் இப்படிப்பட்ட கல்வெட்டுகள் வழியாகத்தான் நமக்குத் தெரிந்தன.

அதனால் ஒரு வேண்டுகோள். கையில் மிஞ்சிய விபூதி குங்குமத்தை இந்தச் சுவரிலோ தூணிலோ தட்டாதீர்கள். எண்ணெய்க் கையைத் துடைக்காதீர்கள். எழுத்தின் பள்ளத்தில் குங்குமமும் எண்ணெயும் இறுகிப்போனால் பிறகு படிக்கவே முடியாது. யாராவது செய்தால் கோபப்படாமல், "அண்ணா, இது கல்வெட்டு, எழுத்து போயிடும்" என்று சொல்லிப் பாருங்கள். நான் சொன்ன பலபேர் கையை எடுத்துவிட்டு, "அப்படியா, எங்கே எழுத்து?" என்று குனிந்து பார்த்தார்கள். மிஞ்சிய குங்குமத்துக்கு ஒரு சின்னக் காகிதம் பையில் வைத்திருங்கள்.

அடுத்தது மகிழ மரம், கோயிலின் தல விருட்சம். சுந்தரர் சங்கிலியாரை மணந்த ஊர் இது. "உன்னைப் பிரிய மாட்டேன்" என்று சன்னதியில் சத்தியம் செய்வதாக அவர் ஒப்புக்கொண்டார். ஆனால் உள்ளுக்குள், முதல் மனைவி பரவையார் இருந்த திருவாரூர் நினைப்பு விடவில்லை. சத்தியம் செய்யும் நேரத்தில் நீ கருவறையில் இராமல் மகிழ மரத்தடிக்குப் போய்விடு என்று சிவனிடமே கேட்டுக்கொண்டார். தம்பிரான் தோழர் ஆயிற்றே! சிவனோ சங்கிலியார் கனவில் போய், மகிழடியிலேயே சத்தியம் வாங்கிக்கொள் என்று சொல்லிவிட்டார். சுந்தரர் மாட்டிக்கொண்டார். பிறகு வசந்த காலத்தில் திருவாரூர் ஞாபகம் தாங்காமல் ஊர் எல்லையைத் தாண்டினார், இரண்டு கண்ணும் போயின. திருவெண்பாக்கத்தில் ஊன்றுகோல், காஞ்சியில் ஒரு கண், திருவாரூரில் மறு கண் என்று திரும்பக் கிடைத்தது. மாசிப் பிரம்மோற்சவத்தில் மகிழடி சேவை நடக்கும்போது இந்தச் சத்தியத்தைத்தான் இன்றும் கொண்டாடுகிறார்கள். என் தோழி ஒருத்தி வரன் பார்க்கும் காலத்தில் இந்த மரத்தடியில் வெகுநேரம் உட்கார்ந்திருப்பாள். நான் எதுவும் கேட்டதில்லை.

பிராகாரத்தில் 27 நட்சத்திரங்களுக்கு 27 லிங்கங்கள் இருக்கின்றன. உங்கள் நட்சத்திர லிங்கத்தைத் தேடி விளக்கு வையுங்கள். வட்டப்பாறையம்மன் சன்னதியைத் தவறவிடாதீர்கள். மதுரையை எரித்த கோபத்தோடு வந்த கண்ணகி இங்கே அடங்கினாள் என்றும், ஆதிசங்கரர் சாந்தப்படுத்தினார் என்றும் சொல்வார்கள். தியாகராஜர், துர்க்கை, மற்ற சன்னதிகளையும் நிதானமாகப் பார்க்கலாம்.

விளக்கு ஏற்றும் இடத்தில் எண்ணெயை வழிய வழிய ஊற்றாதீர்கள், தரை வழுக்கும். எண்ணெய் என்றதும் கலிய நாயனார் ஞாபகம் வருகிறார். இதே ஊரில் செக்கு ஆட்டி, இந்தக் கோயிலுக்கு விளக்கு எரித்தவர். கையில் இருந்ததெல்லாம் கரைந்துபோய் எண்ணெய்க்கு வழி இல்லாத நாளில், தன் கழுத்தை அரிந்து ரத்தத்தை ஊற்றத் துணிந்தார். சிவன் கையைப் பிடித்துத் தடுத்தார். அந்த ஊரில் நாம் ஏற்றுகிற விளக்கு ஒன்றே ஒன்றாக இருந்தாலும் போதும்.

இத்தனையும் பார்க்க இரண்டு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். முடித்துவிட்டு நிழலில் பத்து நிமிஷம் உட்கார்ந்துவிட்டு எழுந்திருங்கள்.

கார்த்திகை மூன்று நாள்

கவசம் திறக்கும் நாட்களில் வரவேண்டும் என்ற ஆசை எல்லோருக்கும் இருக்கும். முதல்முறையாகக் கோயிலுக்கு வருவது அன்றைக்காக இருக்க வேண்டாம். கோயிலின் அமைப்பு, எந்த வாசலில் உள்ளே, எந்த வாசலில் வெளியே என்பதெல்லாம் தெரிந்த பிறகு வாருங்கள். பௌர்ணமி அன்று மாலையைவிட இரண்டாம் நாள் விடிகாலை பரவாயில்லை என்பது என் அனுபவம். ஆனாலும் மணிக்கணக்கில் நிற்கத் தயாராக வாருங்கள். காலையில் இட்லி போல லேசாக ஏதாவது சாப்பிட்டுவிட்டு வாருங்கள். விரதம் என்று வெறும் வயிற்றில் வந்து மயங்கி விழுந்தவர்களைத் தூக்கியிருக்கிறேன். கார்த்திகை மழை மாதம், ஒரு ரெயின்கோட் அவசியம். நெரிசலில் குடை விரித்தால் பின்னால் நிற்பவர் கண்ணைக் குத்தும். கிடைப்பது சில நொடி தரிசனம். சாம்பிராணித் தைல வாசம் மட்டும் வீடு வரை உங்களோடு வரும்.

பட்டினத்தார்

கோயிலிலிருந்து கடல் பக்கம் போனால் பட்டினத்தார் சமாதி. ஆட்டோவில் சில நிமிஷம். நடந்து போவதாக இருந்தால் எண்ணூர் விரைவுச் சாலையைக் கடக்கும்போது மிகவும் கவனம். துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் ஓயாமல் ஓடுகிற சாலை அது. பேய்க்கரும்பு எந்த ஊரில் இனிக்கிறதோ அங்கே முக்தி என்று அவருக்கு வாக்கு. அது திருவொற்றியூர்க் கடற்கரையில் இனித்தது என்பார்கள். கப்பல் கப்பலாக வியாபாரம் செய்தவர் கடைசியில் மீனவப் பிள்ளைகளோடு கரையில் விளையாடி மறைந்தார். வெள்ளிக்கிழமை நெரிசலிலிருந்து நேராக இங்கே வந்தால் காது அடைத்துப்போன மாதிரி அமைதியாக இருக்கும். கடலில் மட்டும் இறங்க வேண்டாம். கரை முழுக்கக் கொட்டிய பாறைகள், அலையும் இழுக்கும்.

பௌர்ணமியில் மூன்று அம்மன்

ஒரே சிற்பி செய்ததாகச் சொல்லும் மூன்று அம்மன்களைப் பௌர்ணமி அன்று ஒரே நாளில் பார்க்கிற வழக்கம் இருக்கிறது. வெள்ளிக்கிழமையும் பௌர்ணமியும் சேர்ந்தால் விசேஷம். காலையில் மீஞ்சூர் பக்கம் மேலூர் திருவுடையம்மன், இச்சா சக்தி. உச்சிப் பொழுதில் வடிவுடையம்மன், ஞான சக்தி. மாலையில் வடதிருமுல்லைவாயில் கொடியிடையம்மன், கிரியா சக்தி. வேன் ஏற்பாடு செய்து கூட்டமாகப் போவார்கள், ஆனால் தனி ஆளாக ரயிலிலேயே முடித்துவிடலாம்.

விடிகாலையில் சென்ட்ரலில் கும்மிடிப்பூண்டி ரயில் ஏறி மீஞ்சூரில் இறங்குங்கள், அங்கிருந்து ஆட்டோவில் மேலூர். தரிசனம் முடிந்து அதே பாதையில் திரும்பித் திருவொற்றியூரில் இறங்கலாம். பத்து மணிக்குள் வரிசையில் சேர்ந்துவிடுங்கள், ஏனென்றால் பௌர்ணமியில் உச்சிக்காலக் கூட்டம்தான் மூன்று கோயிலிலும் பெரியது. மதியச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு மறுபடி ரயில். பேசின் பிரிட்ஜில் இறங்கி ஆவடி பக்கம் போகும் ரயிலுக்கு மாறித் திருமுல்லைவாயில், அங்கிருந்து ஆட்டோ. அங்கே இரண்டு விஷயம் பாருங்கள். நந்தி சுவாமியைப் பார்க்காமல் வாசலைப் பார்த்துத் திரும்பியிருக்கும். தொண்டைமான் என்ற அரசனுக்குத் துணையாகப் போருக்குக் கிளம்பியது என்பது கதை. சன்னதி முன்னால் எருக்கந் தூண்கள் இரண்டு நிற்கும்.

புறநகர் ரயில்களுக்கு நடுவே மதியத்தில் இடைவெளி அதிகம் இருக்கும், நேரத்தை முன்பே பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். இரவு எட்டு மணிக்கு மேல் திருமுல்லைவாயிலிலிருந்து திரும்புகிற பெண்கள் மகளிர் பெட்டியில் ஏறுங்கள். போன் சார்ஜ், இருநூறு ரூபாய்ச் சில்லறை, ஒரு பாட்டில் தண்ணீர் மூன்றும் அந்நேரம் வரை மிச்சம் இருக்க வேண்டும்.